குடியை விட்டவருக்கு முதல் வருடத்தில் என்னவெல்லாம் வரும்

குடியை நிறுத்தினால் உடம்பு தேறும் என்று எல்லோரும் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் தேறுவதற்கு முன்னால் கொஞ்ச நாள் இன்னும் மோசமாகும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. அது தெரியாமல் இரண்டு முறை நிறுத்தி, இரண்டு முறையும் திரும்பப் போய்விட்டேன். கை நடுங்கியது, தூக்கம் போனது, எதைப் பார்த்தாலும் எரிச்சல் வந்தது. "குடிக்காமல் இருப்பதுதான் நமக்கு ஒத்துக்கொள்ளவில்லை" என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன்.

மூன்றாவது முறை அரசு ஆஸ்பத்திரி டாக்டர் ஒருவர் சீட்டின் பின்பக்கத்தில், எந்த நாளில் என்ன வரும் என்று வரிசையாக எழுதிக் கொடுத்தார். அதில் இருந்தபடியே ஒவ்வொன்றும் வந்தது, வந்தபடியே போனது. திருச்சியில் பஸ் ஏறி மதுரைக்குப் போகிறவருக்கு விராலிமலை, துவரங்குறிச்சி, மேலூர் என்று வரிசை தெரிந்திருந்தால் நடுவில் இருட்டு வந்தாலும் பயம் வராது. எனக்கு அந்தச் சீட்டு அப்படித்தான் உதவியது. ஒன்பது வருடமாக நான் குடிக்கவில்லை. மோட்டார் காயில் கட்டும் பட்டறை வைத்திருக்கிறேன். புதிதாக நிறுத்துகிறவர்கள் என்னைப் பார்க்க வந்தால் அந்த வரிசையைத்தான் சொல்கிறேன். அதையே இங்கே எழுதுகிறேன்.

நிறுத்துவதற்கு முன்

சட்டென்று இன்றைக்கே நிறுத்திவிடுவது எல்லோருக்கும் பாதுகாப்பானது இல்லை. இதை முதலில் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். நாள்பட்டு தினமும் குடித்தவர், மருத்துவ உதவி இல்லாமல் திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து வரலாம். அதனால் ஒரு தாளை எடுத்து இந்தக் கேள்விகளுக்கு ஒளிக்காமல் பதில் எழுதுங்கள்.

காலையில் எழுந்ததும் கை நடுங்கி, ஒரு கட்டிங் போட்டால்தான் நிற்கிறதா? டாஸ்மாக் பகல் 12 மணிக்குத்தான் திறக்கும் என்பதால் ராத்திரியே கொஞ்சம் மிச்சம் வைக்கிறீர்களா? காந்தி ஜெயந்தி, சுதந்திர தினம் மாதிரி கடை மூடியிருக்கும் நாளுக்கு முந்தின நாளே வாங்கிப் பதுக்குகிறீர்களா? முன்பு எப்போதாவது குடியை விட்டபோது வலிப்பு வந்ததா, இல்லாத ஆள் நிற்பது போலத் தெரிந்ததா? ஈரல், இதயம், சர்க்கரை என்று வேறு நோய் இருக்கிறதா? இதில் ஒன்றுக்கு "ஆமாம்" என்றாலும் வீட்டில் தனியாக நிறுத்த வேண்டாம். டாக்டரைப் பார்த்துவிட்டு நிறுத்துங்கள்.

அளவையும் எழுதுங்கள். "தினம் ஒரே ஒரு குவார்ட்டர்தான்" என்று சொல்லும்போது அது கொஞ்சம் என்றுதான் நானும் நினைத்தேன். 180 மில்லி குவார்ட்டரில் கிட்டத்தட்ட 60 கிராம் சுத்தமான ஆல்கஹால் இருக்கிறது. பத்து கிராமை ஓர் அளவு என்று டாக்டர்கள் கணக்கு வைக்கிறார்கள். அந்தக் கணக்கில் ஒரு குவார்ட்டர் என்பது ஆறு அளவு. டாக்டரிடம் பாதியாகக் குறைத்துச் சொன்னால் மாத்திரையும் பாதிதான் கிடைக்கும், ராத்திரி உதறல் முழுசாக வரும். வெட்கப்படாமல் உள்ளதைச் சொல்லுங்கள்.

எங்கே போவது? அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. குடி நோய்க்கு அங்கேதான் பார்ப்பார்கள். 2025-ல் தமிழக அரசு "கலங்கரை" என்ற பெயரில் போதை மீட்பு மையங்களையும் தொடங்கியிருக்கிறது. சென்னையில் 1980-ல் சாந்தி ரங்கநாதன் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் அறக்கட்டளையின் மருத்துவமனை இருக்கிறது, டி.டி.கே. என்றால் எல்லோருக்கும் தெரியும். பெங்களூர் பக்கம் இருப்பவர்களுக்கு நிம்ஹான்ஸ் என்ற மத்திய அரசு மனநல மருத்துவமனை. எங்கே போவது என்றே தெரியாவிட்டால் 14446 என்ற தேசிய போதை மீட்பு எண்ணுக்குக் கூப்பிடுங்கள், கட்டணம் கிடையாது.

"மனநலப் பிரிவா? நான் என்ன பைத்தியமா?" என்று நானும் கேட்டேன். அந்த வரிசையில் எனக்கு முன்னால் ஒரு வாத்தியாரும் ஒரு பஸ் டிரைவரும் உட்கார்ந்திருந்தார்கள். அரைமணி நேரத்தில் அந்தக் கூச்சம் போய்விட்டது.

தனியார் மையத்தில் சேர்ப்பதாக இருந்தால் மூன்று விஷயம் கேளுங்கள். அரசிடம் பதிவு செய்திருக்கிறார்களா, டாக்டர் தினமும் வருகிறாரா, வீட்டு ஆட்கள் பார்க்க விடுவார்களா. அடித்து, சங்கிலியில் கட்டித் திருத்துகிறோம் என்று சொல்லும் இடத்தில் யாரையும் விடாதீர்கள். நோயாளியைச் சங்கிலியால் கட்டுவதை 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டமே தடை செய்திருக்கிறது.

முதல் மூன்று நாள்

ஏன் உதறுகிறது என்பதை என் தொழிலை வைத்துச் சொல்கிறேன். டி.சி. சீரிஸ் மோட்டார் என்று ஒன்று உண்டு. அது லோடை இழுத்துக்கொண்டு ஓடும்வரை ஒழுங்காக ஓடும். ஓடிக்கொண்டிருக்கும்போதே லோடைக் கழற்றிவிட்டால் வேகம் தறிகெட்டு ஏறும், மோட்டாரே சிதறிவிடலாம். சாராயம் மூளையை அமுக்குகிறது. வருடக்கணக்கில் அந்தப் பாரத்தோடு வேலை செய்து பழகிய மூளை, ஈடுகொடுக்கத் தன் வேகத்தைக் கூட்டி வைத்திருக்கும். ஒரே நாளில் பாரத்தை எடுத்துவிட்டால் அந்த வேகம் அப்படியே வெளியே வரும். நடுக்கம், வியர்வை, படபடப்பு, தூக்கமின்மை, வலிப்பு எல்லாமே அந்த வேகத்தின் வேறு வேறு முகம்தான்.

கடைசியாகக் குடித்ததிலிருந்து ஆறு முதல் எட்டு மணி நேரத்தில் கை நடுக்கமும் குமட்டலும் ஆரம்பிக்கும். வியர்த்துக் கொட்டும், நெஞ்சு அடித்துக்கொள்ளும், சின்னச் சத்தத்துக்கும் தூக்கிப் போடும். வலிப்பு வருவதாக இருந்தால் பெரும்பாலும் முதல் 48 மணி நேரத்துக்குள் வரும். சிலருக்குச் சுவரில் பூச்சி ஊர்வது போலத் தெரியும், யாரோ பேர் சொல்லிக் கூப்பிடுவது போலக் கேட்கும். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாள் வரைதான் மிகக் கவனமாக இருக்க வேண்டிய நேரம். அப்போது ஒருவருக்குத் தான் எங்கே இருக்கிறோம் என்றே தெரியாமல் போய், காய்ச்சலும் நடுக்கமும் சேர்ந்து, பெண்டாட்டி பிள்ளைகளையே அடையாளம் தெரியாமல் கத்தலாம். இதைப் பேய் பிடித்தது என்று கோயிலுக்குக் கூட்டிப் போய் நேரத்தை இழந்த குடும்பங்களை எனக்குத் தெரியும். அது மருத்துவ அவசரம். உடனே 108.

வலிப்பு வந்தால் ஒருபக்கமாகச் சாய்த்துப் படுக்க வையுங்கள். தலைக்கடியில் ஒரு துண்டை மடித்து வையுங்கள். கையில் சாவிக்கொத்தைத் திணிப்பதும் வாயில் ஸ்பூனை வைப்பதும் வேண்டாம். ரத்த வாந்தி, கறுப்பாக மலம் போவது, நெஞ்சு வலி இதெல்லாம் வந்தாலும் காத்திருக்காதீர்கள்.

ஆஸ்பத்திரியில் டயஸெபாம், குளோர்டயஸெபாக்ஸைடு, ஈரல் கெட்டிருந்தால் லோராஸெபாம் என்று ஏதாவது ஒன்றைக் கொடுத்து, சில நாளில் படிப்படியாகக் குறைத்து நிறுத்துவார்கள். இந்த மாத்திரைகளைப் பிறகு நீங்களாக மெடிக்கலில் வாங்கித் தொடரக் கூடாது. அதுவே இன்னொரு பழக்கமாகிவிடும். குடியோடு சேர்த்துப் போட்டால் மூச்சே நின்றுவிடலாம்.

இன்னொன்று, இதை வீட்டில் இருப்பவர்களும் தெரிந்துகொள்ள வேண்டும். நம் ஊரில் ஆள் சோர்ந்து கிடந்தால் பக்கத்துக் கிளினிக்கில் கொண்டுபோய் "ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்துங்க" என்று சொல்லிவிடுவோம். குடிக்கிறவர்களின் உடம்பில் பி1 என்ற வைட்டமின், அதாவது தயமின், ரொம்பக் குறைந்திருக்கும். அந்த நிலையில் தயமின் போடாமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளை பாதிக்கப்படலாம். கண் ஆடும், நடை தள்ளாடும், ஞாபகம் போகும், சிலருக்கு அது திரும்பாமலே போய்விடும். எந்தக் கிளினிக் ஆனாலும் "இவர் தினமும் குடித்தவர்" என்று முதல் வார்த்தையாகச் சொல்லிவிடுங்கள்.

எனக்கு நினைவில் நிற்பது இரண்டாம் நாள் காலை. வார்டில் டீ கொண்டு வந்தார்கள். டம்ளரை ஒரு கையால் எடுத்தேன், பாதி டீ போர்வையில். இரண்டு கையாலும் பிடித்தேன், பல்லில் டம்ளர் தட்டித் தட்டிச் சத்தம் வந்தது. பக்கத்துக் கட்டிலில் ஓர் அண்ணன், என்னைவிட நான்கு நாள் சீனியர். ஒன்றும் பேசாமல் என் டம்ளரை வாங்கி, டீயைத் தன் டம்ளரில் பாதி ஊற்றிக்கொண்டு, மீதியைக் கொடுத்தார். "பாதி டம்ளர்னா சிந்தாது தம்பி. நாளைக்கழிச்சு முழுசா குடிப்ப" என்றார். ஐந்தாம் நாள் முழு டம்ளரை ஒரு கையில் பிடித்தேன்.

இரண்டு வாரம் வரை

நடுக்கம் நின்றதும் எல்லாம் முடிந்தது என்று தோன்றும். தூக்கம் மட்டும் வராது. படுத்தால் ஒன்றரை மணிக்கு விழிப்பு வரும், அப்புறம் விடியும்வரை புரள வேண்டியதுதான். போதையில் கிடந்ததைத் தூக்கம் என்று நினைத்திருந்தோம். அது உண்மையில் தூக்கத்தைக் கெடுத்துத்தான் வைத்திருந்தது. மூளை தானாகத் தூங்கப் பழகுவதற்குச் சில வாரம் ஆகும், சிலருக்கு மாதக்கணக்கில் ஆகும். பகலில் படுக்காதீர்கள். மாலை நான்கு மணிக்கு மேல் டீ வேண்டாம். தூக்கம் வராவிட்டாலும் அதே நேரத்துக்குப் படுத்து அதே நேரத்துக்கு எழுந்திருங்கள். தூக்கமில்லை என்பதற்காக யாரும் குடிக்கத் தேவையில்லை, மறுநாள் சோர்வாக இருக்கும், அவ்வளவுதான்.

கனவு வரும். கலர் கலராக, நிஜம் போலவே வரும். அதில் குடிப்பது போல ஒரு கனவு கட்டாயம் வரும். வாயில் அந்த ருசியோடு எழுந்து உட்கார்ந்து, "அய்யோ குடித்துவிட்டோமே" என்று அழுதிருக்கிறேன். வீட்டுக்காரி லைட்டைப் போட்டு, என் வாயை முகர்ந்து பார்த்து, "ஒண்ணும் இல்லங்க, படுங்க" என்றாள். கனவில் குடித்தது கணக்கில் சேராது. அந்தப் பயம் உங்களுக்கு வருவதே நல்ல அறிகுறி.

இனிப்பு கேட்கும். கடலை மிட்டாய், எள்ளுருண்டை, டீக்கடை பன் என்று கை தானாகப் போகும். சர்க்கரை நோய் இல்லாதவர்கள் முதல் மாதம் இதற்காகக் கவலைப்பட வேண்டாம், சட்டைப்பையில் நாலு கடலை மிட்டாய் வைத்துக்கொள்வது ஒரு கட்டிங்கைவிட எவ்வளவோ மேல். சர்க்கரை நோயாளிகள் கண்டிப்பாக டாக்டரைக் கேளுங்கள். குடியை விட்டதும் சாப்பாடு மாறும், சர்க்கரை அளவும் மாறும், மாத்திரை அளவையும் மாற்ற வேண்டியிருக்கலாம். ரத்தக் கொதிப்பு மாத்திரைக்கும் இதே பேச்சுதான், குடியை விட்ட சில வாரத்திலேயே பிரஷர் இறங்கும்.

வயிறு முதலில் முரண்டு பிடிக்கும். கஞ்சி, மோர், இட்லி, ரசம் சோறு என்று கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடுங்கள். பத்து நாளில் பசி என்றால் என்ன என்று திரும்பத் தெரியும். முகத்தின் உப்பல் வடியும். கண் தெளியும்.

பத்து, பன்னிரண்டாம் நாள் வாக்கில் சிலருக்கு ஒரு பெரிய உற்சாகம் வரும். உலகமே புதுசாகத் தெரியும். எதையும் சாதிக்கலாம் என்று தோன்றும். சந்தோஷப்படுங்கள், அது உங்களுக்குச் சேரவேண்டியதுதான். ஆனால் அந்த வேகத்தில் கடன் வாங்கிப் புதுத் தொழில் தொடங்குவது, ஊரையே திருத்தக் கிளம்புவது, மாத்திரையை நிறுத்துவது எதுவும் வேண்டாம். ஏனென்றால் அடுத்தது வரும்.

யாரும் எச்சரிக்காத வெறுமை

மூன்றாவது, நான்காவது வாரத்திலிருந்து மூன்று மாதம் வரை நீளும் ஒரு காலம் இருக்கிறது. இந்தக் கட்டுரையையே இதற்காகத்தான் எழுதுகிறேன். நடுக்கத்தில் திரும்பக் குடித்தவர்களைவிட இந்த வெறுமையில் திரும்பக் குடித்தவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

உடம்பில் ஒன்றும் இருக்காது. டாக்டர் நன்றாக இருக்கிறது என்பார். வீட்டில் சிரிப்பார்கள். உங்களுக்கு மட்டும் எதிலும் ருசி இருக்காது. கிரிக்கெட் பார்த்தாலும் சரி, பிள்ளை ரேங்க் கார்டைக் கொண்டுவந்து நீட்டினாலும் சரி, நல்ல பிரியாணி சாப்பிட்டாலும் சரி, "ம்" என்றுதான் மனசு சொல்லும். குடிக்காமல் வாழ்வது என்றால் இனி இப்படிச் சப்பென்றுதான் இருக்குமோ என்று பயம் வரும். அது அப்படியே இருக்காது. இத்தனை வருடம் சந்தோஷத்துக்கான சுரப்பை மூளை சாராயத்தை வைத்தே இறைத்துக்கொண்டிருந்தது. சின்னச் சந்தோஷங்களுக்குச் சுரக்க அது மறந்திருக்கிறது. திரும்பக் கற்றுக்கொள்ள மாதங்கள் ஆகும், ஆனால் கற்றுக்கொள்ளும்.

எனக்கு அது நான்காவது மாதம் திரும்பியது. ஒரு ஐந்து எச்.பி. பம்ப் மோட்டாருக்குக் காயில் கட்டிக்கொண்டிருந்தேன். ஸ்லாட்டுக்குள் கம்பியை ஒவ்வொன்றாக இறக்கி, பேப்பர் வைத்து, நூல் கட்டி முடித்துப் பார்க்கிறேன், நூல் முடிச்சு எல்லாம் ஒரே வரிசையில் நிற்கிறது. சும்மா அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். வெளியே டீ சொல்லப் போன பையன் வந்து "என்னண்ணே சிரிக்கிறீங்க?" என்றான். அப்போதுதான் சிரிக்கிறேன் என்றே எனக்குத் தெரிந்தது.

அந்த மாதங்களில் கோபமும் வரும். காரணம் இல்லாமல் அழுகையும் வரும். போதை மூடி வைத்திருந்ததெல்லாம் ஒவ்வொன்றாக மேலே வரும். அடகில் முங்கிப்போன நகை, பிள்ளை முன்னால் விழுந்து கிடந்த நாள், அப்பா காரியத்துக்கே தள்ளாடிக்கொண்டு போனது. எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் சரிசெய்ய முடியாது. ஒரு நோட்டில் எழுதி வையுங்கள், யாருக்கு என்ன கடன், யாரிடம் என்ன மன்னிப்பு என்று. எழுதி வைத்தால் ராத்திரி அதைத் தலையில் சுமக்க வேண்டியதில்லை.

நான்கு வாரத்துக்கு மேலும் மனச்சோர்வு குறையாமல் இருந்தால் அதற்குத் தனியாக வைத்தியம் வேண்டும், டாக்டரிடம் சொல்லுங்கள். செத்துப்போகலாம் என்ற எண்ணம் எந்த நாளில் வந்தாலும், முதல் நாளே வந்தாலும், யாரிடமாவது உடனே வாய்விட்டுச் சொல்லுங்கள். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம்.

சாயங்காலம் ஆறு மணி

ஆசை நாள் முழுக்க இருக்காது. அலை மாதிரி வரும். ஏறும், உச்சிக்குப் போகும், இறங்கும். பெரும்பாலும் கால் மணியிலிருந்து அரை மணிக்குள் இறங்கிவிடும். அந்த அரை மணியைத் தாண்டுவதுதான் வேலை. எனக்கு அது சாயங்காலம் ஆறிலிருந்து ஏழு வரை.

நான் செய்தது இதுதான். ஐந்தரைக்கே வயிறு நிறையச் சாப்பிட்டுவிடுவேன், நாலு தோசையோ ஒரு தட்டு சோறோ. வயிறு நிறைந்திருந்தால் ஆசை பாதியாகக் குறையும், நம்ப முடியாவிட்டால் ஒரு வாரம் செய்து பாருங்கள். பட்டறையிலிருந்து வீட்டுக்கு நேர் வழியில் கடை இருந்தது. ஒரு கிலோமீட்டர் சுற்றிப் போனேன், இன்னமும் அப்படித்தான் போகிறேன். சனிக்கிழமை கூலி வாங்கும் நாள் என்றால் பணத்தைக் கையில் வைத்துக்கொள்ளாமல் அப்போதே வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். பழைய ஜமா கூப்பிட்டால் மூன்று மாதத்துக்கு எடுக்க வேண்டாம். நல்ல நண்பன் என்றால் மூன்று மாதம் கழித்தும் இருப்பான்.

ஆசை ஏறும்போது உங்களையே நாலு கேள்வி கேளுங்கள். பசிக்கிறதா, கோபமாக இருக்கிறேனா, தனியாக இருக்கிறேனா, களைத்திருக்கிறேனா? பெரும்பாலும் இதில் ஒன்று இருக்கும். அதற்கு வேண்டியதைக் கொடுத்தால் மற்றது அடங்கும்.

தனிமைக்கு நான் கண்ட மருந்து ஏ.ஏ. கூட்டம். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்ற இந்த அமைப்பு 1935-ல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரத்தில், பில் வில்சன், பாப் ஸ்மித் என்ற இரண்டு குடிநோயாளிகள் ஒருவரோடு ஒருவர் பேசியதில் தொடங்கியது. தமிழ்நாட்டில் பல ஊர்களில் சர்ச் ஹாலிலோ பள்ளிக்கூட அறையிலோ தமிழிலேயே கூட்டம் நடக்கிறது. கட்டணம் இல்லை, முழுப் பெயர்கூடக் கேட்க மாட்டார்கள். எந்த மதம் என்றும் கேட்பதில்லை. முதல் நாள் வாயே திறக்காமல் கேட்டுவிட்டு வரலாம். "இன்று ஒரு நாள் மட்டும்" என்பார்கள். வாழ்நாள் முழுக்கக் குடிக்கக் கூடாது என்று நினைத்தால் மலைப்பாக இருக்கும், இன்று ராத்திரி பத்து மணிக்குக் கடை மூடும் வரை என்றால் முடியும்.

மாலை போட்டு நிறுத்துகிறவர்களுக்கு

கார்த்திகை பிறந்ததும் மாலை போட்டு, ஒரு மண்டலம் ஒரு சொட்டுத் தொடாமல் இருந்து, மலையிலிருந்து இறங்கி மாலையைக் கழற்றிய அன்றே குடிப்பவர்களை எல்லா ஊரிலும் பார்க்கலாம். அவர்களைக் கேலி செய்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. 48 நாள் இருந்தது பெரிய விஷயம், அது எப்படி முடிந்தது என்று பார்க்க வேண்டும்.

விடியற்காலையில் எழுந்து குளிக்கிறார். சாயங்காலம், அதே ஆறு மணிக்கு, பஜனையில் இருக்கிறார். கூட நாலு சாமி. நேற்றுவரை "டேய்" என்று கூப்பிட்ட தெரு இன்று "சாமி" என்கிறது. நேரத்துக்குச் சாப்பாடு. எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் யாரும் ஊற்றிக் கொடுப்பதில்லை. மாலை கழன்ற அன்று இவை எல்லாம் ஒரே நேரத்தில் போய்விடுகின்றன. அதனால் மாலையைக் கழற்றுவதற்கு ஒரு வாரம் முன்பே ஏற்பாடு செய்யுங்கள். விடியற்காலைக் குளியலை விடாதீர்கள். சாயங்காலத்துக்குக் கோயிலோ, கூட்டமோ, நடையோ ஒன்றைப் பிடித்து வையுங்கள். இறங்கியதும் நடக்கும் விருந்துக்கு முன்னால், டாக்டரிடம் ஒரு நாள் குறித்து வையுங்கள். மாலை போடுமுன் தினமும் குடித்தவராக இருந்தால், முதல் மூன்று நாளைக்கான மருத்துவ எச்சரிக்கை உங்களுக்கும் உண்டு. விரதத்தோடு மாத்திரையும் சாப்பிடலாம்.

கோயிலில் கயிறு கட்டிச் சத்தியம் செய்கிறவர்களுக்கும் இதையேதான் சொல்வேன்.

கல்யாண வீடும் கேத வீடும்

முதல் மூன்று மாதம், தவிர்க்க முடிந்ததைத் தவிர்த்துவிடுங்கள். போயே ஆகவேண்டிய இடத்துக்குப் பகலில் போய், மொய் எழுதி, சாப்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள். மாப்பிள்ளை வீட்டு ரூமில் ராத்திரி தங்க வேண்டாம். கேத வீடு இன்னும் கஷ்டம், துக்கமும் இருக்கும், ஊற்றிக் கொடுக்க ஆளும் இருக்கும். துணைக்குக் குடிக்காத ஒருவரைக் கூட்டிப் போங்கள்.

"ஒரு கட்டிங்தான் மாப்ள" என்பவருக்கு நீளமாக விளக்கம் சொல்லாதீர்கள். "மாத்திரை சாப்பிடுறேன், ஒத்துக்காது" என்ற ஒரே வரி போதும். கையில் ஒரு சோடா பாட்டிலைப் பிடித்துக்கொண்டு நில்லுங்கள், வெறுங்கையைப் பார்த்தால்தான் ஊற்ற வருவார்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்கு

அக்கா, அம்மா, இதை உங்களுக்கு எழுதுகிறேன். குடியை நிறுத்தும் மாத்திரை என்று யாரோ கொடுத்ததைச் சாம்பாரில் கலந்து கொடுக்காதீர்கள். பெரும்பாலும் டைசல்ஃபிரம் என்ற மருந்து அது. அதைச் சாப்பிட்டவர் குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, பிரஷர் இறங்கி, உயிரேகூடப் போகலாம். அவர் தெரிந்து, சம்மதித்து, டாக்டர் பார்த்துக் கொடுத்தால் அது நல்ல மருந்து. தெரியாமல் கொடுத்தால் விஷம். அதைச் சாப்பிடுகிறவர்கள், நிறுத்திய பிறகும் இரண்டு வாரம்வரை குடிக்கக் கூடாது, ஆல்கஹால் கலந்த இருமல் டானிக்கையும் தவிர்க்க வேண்டும். ஆசையைக் குறைக்க நால்ட்ரெக்ஸோன், அக்காம்ப்ரோசேட் என்று வேறு மருந்துகளும் இருக்கின்றன. எது யாருக்கு என்பதை டாக்டர் சொல்வார்.

அவர் நிறுத்திய உடனே நீங்கள் நம்ப வேண்டும் என்று யாரும் கேட்க முடியாது. பத்து வருடம் ஏமாந்தவர்களுக்குப் பத்து நாளில் நம்பிக்கை வராது, அது நியாயம். ஆனால் வாசலிலேயே நிறுத்தி "ஊது பார்ப்போம்" என்று தினமும் கேட்டால் அவர் மனசு உடையும். என் வீட்டில் ஓர் ஒப்பந்தம் வைத்தோம். நானே வந்து பக்கத்தில் உட்கார்ந்து ஒரு டம்ளர் தண்ணீர் கேட்பேன். அவளுக்குத் தெரிந்துகொள்ள அது போதும், கேட்கவும் வேண்டாம், சொல்லவும் வேண்டாம். உங்களுக்கும் பேச ஆள் வேண்டுமென்றால் குடும்பத்தினருக்கென்றே அல்-அனான் என்ற கூட்டம் நடக்கிறது.

டெஸ்ட் எடுத்துப் பாருங்கள்

மூன்றாம் மாதம் ஒரு ரத்தப் பரிசோதனை எடுங்கள். முதலில் எடுத்ததோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஈரலில் கொழுப்பு மட்டும் படிந்திருந்தால் சில வாரக் குடியின்மையிலேயே அது கரையத் தொடங்கும், ஈரலின் பாதிப்பைக் காட்டும் ஜி.ஜி.டி. என்ற எண் இறங்கியிருக்கும். சிவப்பணுவின் ஆயுள் கிட்டத்தட்ட 120 நாள் என்பதால் ரத்தத்தின் கோளாறு முழுசாகச் சரியாக மூன்று, நான்கு மாதம் ஆகும். ஈரல் சுருங்கித் தழும்பாகியிருந்தால் அது பழையபடி ஆகாது, ஆனால் அதற்கு மேல் கெடாமல் நிறுத்தலாம், அதுவே பல வருட ஆயுள். கால் எரிச்சலும் மரத்துப்போவதும் கடைசியாகத்தான் குறையும், வைட்டமின் மாத்திரையைப் பாதியில் விட்டுவிடாதீர்கள்.

சறுக்கிவிட்டால்

நடக்கலாம். எனக்கு இரண்டு முறை நடந்தது. இரண்டாவது முறை ஐந்து மாதம் கழித்து, ஒரு மழை நாளில், ஒரு கட்டிங் என்று ஆரம்பித்து மூன்று நாள் ஓடியது.

இதில் ஓர் ஆபத்து உண்டு. குடிக்காமல் இருந்த மாதங்களில் உடம்பின் தாங்கும் சக்தி குறைந்திருக்கும். கை மட்டும் பழைய அளவைத்தான் ஊற்றும். முன்பு சாதாரணமாகத் தாங்கிய அளவே இப்போது உயிருக்கு ஆபத்தாகலாம். மயங்கிக் கிடப்பவரை மல்லாக்கப் போடாமல் ஒருபக்கமாகச் சாய்த்து வையுங்கள். எழுப்பினால் எழவில்லை, மூச்சு மெதுவாக இருக்கிறது என்றால் 108-ஐக் கூப்பிடுங்கள்.

தெளிந்ததும் வரும் வெட்கம்தான் அடுத்த குவார்ட்டரை வாங்க வைக்கும். "எல்லாம் போச்சு, இனி என்ன" என்று தோன்றும். போகவில்லை. ஐந்து மாதத்தில் தேறிய ஈரலும் தூக்கமும் ஒரு ராத்திரியில் அழிந்துவிடாது. மறுநாள் காலையிலேயே, குளித்ததும் குளிக்காததுமாக இருந்தாலும் பரவாயில்லை, டாக்டரிடமோ கூட்டத்துக்கோ போய்விடுங்கள். திங்கட்கிழமை போகிறேன், அமாவாசை கழியட்டும் என்று தள்ள வேண்டாம். தொடர்ந்து சில நாள் குடித்திருந்தால் மறுபடியும் நடுக்கத்துக்கு மருந்து வேண்டியிருக்கும், முன்பைவிட வேகமாகவும் வரலாம்.

நான் அந்த மூன்றாம் நாள் மாலை கூட்டத்துக்குப் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தேன். சட்டை கசங்கியிருந்தது, வாயில் வாடை இருந்தது. யாரும் விலகி உட்காரவில்லை. பக்கத்தில் இருந்தவர் டீயை நீட்டினார், பாதி டம்ளர்தான் ஊற்றியிருந்தார். மறுநாள் காலை அவரே என்னோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார்.